என்கிராஸ்

மீனு: தாத்தா, தூங்கப் போய்விட்டீர்களா? இன்று பாரிமுனை வக்கீல் ஆபீஸில் சீனியர் ஒரு கிரயப் பத்திர டிராஃப்டைக் கொடுத்து, "என்கிராஸ் பண்ணிக் கொண்டு வா" என்றார். எனக்குத் தெரிந்த என்கிராஸ், கதையில் மூழ்கிப் போவதுதான். சரி சார் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அத்தை: டைப் பண்ணச் சொல்கிறாரோ?

தாத்தா: வெறும் டைப் இல்லை. டிராஃப்டை இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பிறகு, அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்திரைத்தாளில் ஏற்றுவதுதான் என்கிராஸ். சைதாப்பேட்டையில் முப்பது வருஷம் அதைத்தானே கையால் எழுதினேன். முதல் வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுவேன், ஞாபகம் இருக்கிறதா?

மாமா: அப்பா, அந்தத் தடித்த எழுத்தில்தான் சொல்லே பிறந்தது! பிரெஞ்சில் குரோ என்றால் பெரியது, தடித்தது. இடைக்கால லத்தீனில் குரோஸா என்றால் பெரிய எழுத்து. ஆவணங்களைப் பெரிதாக, தெளிவாக எழுதுவதே என்கிராஸ். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தோலில் இப்படி எழுத 1776 ஜூலை 19 அன்று உத்தரவானது. திமோதி மேட்லாக் எழுதியதாகக் கருதுகிறார்கள். ஆகஸ்ட் 2 அன்று அதில்தான் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள்.

மீனு: அப்போ கதையில் மூழ்குவது?

மாமா: அதே வேர், வேறு கிளை. சந்தைச் சரக்கை மொத்தமாக வளைத்துப் போடுவதற்கும் என்கிராஸ் என்றுதான் பெயர். இங்கிலாந்தில் 1844 வரை அது குற்றம். அப்புறம் மனதை முழுசாக வளைத்துப் போடுவதற்கும் அந்தச் சொல்லே வந்தது. மளிகைக்காரரைச் சொல்லும் குரோசரும் இந்த வகையறாதான். முதலில் மொத்த வியாபாரிக்குத்தான் அந்தப் பெயர்.

அத்தை: அப்படியென்றால் கொத்தவால்சாவடி மண்டிக்காரர்தான் அசல் குரோசர்! நம் மொத்தை, மொத்தம் மாதிரியே இருக்கிறதே.

தாத்தா: அழகாக இருக்கிறது. முப்பது வருஷம் எழுதினேன், இது தெரியாமல் போயிற்றே. மீனு, முத்திரைக்குக் கீழே இடைவெளி விடாமல் ஆரம்பி. அந்த முத்திரை வேறு பத்திரத்துக்கு உதவக் கூடாது. 1899ஆம் வருஷ முத்திரைச் சட்டத்திலேயே இருக்கிறது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் போடு. நான்கெல்லையை மட்டும் ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் டிராஃப்டைப் பார்க்க வேண்டும். வடக்கு தெற்கானால் தலைமுறைக்கும் வழக்குதான்.

மீனு: காலையில் போனில் வாசிக்கிறேன் தாத்தா. டிராஃப்டைப் போட்டோ எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

தாத்தா: ஐந்தரைக்கே எழுந்துவிடுவேன். கண்ணாடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.