ஜெர்மன் அறிஞர்கள் ரசவாதத்தை எப்போது கைவிட்டார்கள்?

குடுவை:
பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். "ரசவாதிங்க எல்லாம் ஃபிராடா சார்?" என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். வீட்டுக்கு வந்து புரட்டினால், வேதியியலின் முதல் முறையான பாடநூல் என்று பலர் சொல்வது ஜெர்மன் அறிஞர் லிபாவியுஸ் 1597-ல் எழுதியதை. அதன் பெயரே 'அல்கெமியா'! இந்த ஜெர்மன் அறிஞர்கள் எப்போதுதான் மனம் மாறினார்கள்?

பழைய வாத்தியார்:
லிபாவியுஸ் காலத்தில் ரசவாதமும் வேதியியலும் ஒன்றுதான். வாலை வடிப்பது, உப்பு பிரிப்பது, அமிலம் காய்ச்சுவது, மருந்து செய்வது எல்லாம் அதில் அடக்கம். 1609-ல் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் ரசாயன மருத்துவத்துக்கென்றே ஹார்ட்மனுக்குப் பேராசிரியர் பதவி தந்தார்கள். பொன் செய்வது அந்தப் பெரிய வீட்டில் ஓர் அறை. 1700-ஐ ஒட்டி அந்த அறைக்கு மட்டும் 'ரசவாதம்' என்று பெயர் எழுதிப் பூட்டினார்கள். வேதியியலாளர் ஷ்டாலைப் பாருங்கள்: 1684-ல் யேனா நகரில் பாடம் நடத்தும்போது பொன் செய்யலாம் என்று நம்பியவர், 1726-ல் பொன் செய்யக் கிளம்பாதீர்கள் என்று எழுதினார்.

மண்சட்டி:
பட்கரை விட்டுவிட்டீர்களே. பொன் செய்து தரச் சொல்லி சாக்சனி மன்னர் அடைத்து வைத்த ஆள். கடைசியில் வந்தது பீங்கான். 1710-ல் மைசன் ஊரில் பீங்கான் ஆலை.

பழைய வாத்தியார்:
சரிதான். ஆனால் எனக்குப் பிடித்த ஆள் ஹாலே நகரத்துச் செம்லர். இறையியல் பேராசிரியர். பைபிளில் எந்தப் பகுதி எப்போது எப்படிச் சேர்ந்தது என்று தயங்காமல் கேள்வி கேட்டவர். அவரே 1780-களின் கடைசியில், 'காற்று உப்பு' என்ற மருந்தைக் கரைத்துக் கதகதப்பாக வைத்தால் தங்கம் வளர்கிறது என்று நம்பினார். அந்த உப்பை பெர்லினில் வேதியியலாளர் கிளாப்ரோத்துக்கு அனுப்பினார். யுரேனியத்தைக் கண்டறிந்த அதே கிளாப்ரோத். உப்பில் இருந்தது தங்க ரேக்கு. அடுத்த முறை வந்ததோ பித்தளை ரேக்கு! விசாரித்தால், அடுப்பைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரன், கிழவர் சந்தோஷப்படட்டும் என்று ரேக்கைப் போட்டு வந்திருக்கிறான். அவன் படையில் வேலையாக வெளியூர் போனபோது பொறுப்பு மனைவிக்கு வந்தது. அவளுக்குச் சிக்கனம் முக்கியம்.

குடுவை:
பிரமாதம். திங்கட்கிழமை இதைச் செய்தே காட்டலாம். நைட்ரிக் அமிலத்தில் பித்தளை கரைந்து பழுப்புப் புகை விடும், தங்கம் அசையாது. ஆய்வக மேசையில் பித்தளைத் திருகு கிடக்கிறது. தங்கத்துக்குத்தான் வீட்டில் கேட்க வேண்டும், தருவார்களா தெரியவில்லை.