புளியரை மலைப்பாதைக்கு ஸ்பிட்ஃபயரா, எர்டிகாவா?

செங்கோட்டைக்காரன்:
புனலூரில் இருக்கும் மாமா தன்னுடைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வண்டியை எனக்கே தருவதாகச் சொல்கிறார். 1968 மாடல், 1296 சிசி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி. வீட்டில் பெட்ரோல் எர்டிகா நிற்கிறது, இன்னொன்றுக்கு இடம் கிடையாது. கடை வேலையாக ஆரியங்காவு, தென்மலை வழியே அடிக்கடி புனலூர் போவேன், குடும்பத்தோடு போக வாடகை வண்டி பிடிக்கலாம் என்று நினைப்பு. எர்டிகாவை விற்றுவிடலாமா? மலையில் இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹெரால்டு:
தம்பி, விற்காதே. ஸ்பிட்ஃபயர் டிரையம்பின் ஹெரால்டு காரின் சேஸியிலிருந்து வந்த வண்டி, அந்த ஹெரால்டைத்தான் நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி கட்டியது, அதனால் அதன் குணம் எனக்குத் தெரியும். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது வண்டி மேலே கீழே போனால் பின்சக்கரத்தின் சாய்வும் மாறும் அமைப்பு. வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டுப் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், எடை முன்னால் போய் பின்பக்கம் தூக்கும், சக்கரம் அடியில் மடங்கும், அப்புறம் பின்பாகம் உன் பேச்சைக் கேட்காது. 1970இல் வந்த மார்க் 4இல்தான் இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். சாரல் மாதத்தில் புளியரை எஸ் வளைவில் எதிரே லாரி வரும்போது இதெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது. முதல் கியருக்கு சின்க்ரோவும் (வண்டி ஓடும்போதே கியர் உரசாமல் விழவைக்கும் அமைப்பு) இல்லை, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது ஒவ்வொரு தடவையும் வண்டி நின்ற பிறகுதான் ஒழுங்காக விழும். எர்டிகாவில் ஏபிஎஸ் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, மழையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில்தான் போக வேண்டும்.

ஆனால் ரோடு காய்ந்த காலை நேரத்தில், கூரையை மடக்கிவிட்டு, தரையை ஒட்டி உட்கார்ந்து நாற்பதில் போனாலே ஸ்பிட்ஃபயரில் கிடைக்கிற சந்தோஷம் எர்டிகாவில் எண்பதில் போனாலும் கிடைக்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, உள்ளே போனதும் காலை லேசாக வைத்தே இரு, அவ்வளவுதான்.

தென்காசி ஒர்க்‌ஷாப்:
முதலில் ஆர்சியைப் பாருங்க அண்ணே. பழைய கேரள நம்பர் புதுப்பித்து ஓடுகிறதென்றால் நல்லது. 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்குக் கொடுக்கும் விஏ நம்பர் வாங்கியிருந்தால், கடைக்கும் வீட்டுக்கும் தினசரி ஓட்ட அனுமதியே இல்லை. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும்தான்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பரை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். பெட்ரோல் ஓஸ் (குழாய்), பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் சீல் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றாமல் மலை ஏற்றவே கூடாது, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீதான்.

குற்றாலம் அக்கா:
வண்டி மாமா வீட்டிலேயே நிற்கட்டுமே தம்பி. எர்டிகாவில் புனலூர் போ, அங்கே எடுத்து ஓட்டு. அவருக்கும் அதைப் பிரிய வேண்டியிருக்காது.

செங்கோட்டைக்காரன்:
அக்கா சொன்னதை மாமாவிடம் சொன்னேன், உடனே சரி என்றார். நம்பர் பழைய கேரள நம்பர்தான், புதுப்பித்திருக்கிறார். எத்தனால் தாங்கும் ஓஸ் தென்காசியிலேயே கிடைக்குமா, திருநெல்வேலி போகணுமா அண்ணே?