சமையல் மேடைக்கு எந்தக் கல்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி, பள்ளி ஆசிரியை:

எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். மாமனார் காலத்தில் போட்ட கடப்பா கல் மேடையை எடுத்துவிட்டு வேறு கல் போட வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் பளபளப்பைக் காட்டுகிறார்கள். புளிக்கரைசல் சிந்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் அடுத்த ஸ்லாபைக் காட்டுகிறார்கள்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று கடைகளின் பின்புறம் குவித்து வைத்திருக்கும் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். கறுப்பு கிரானைட், வெளிர்நிற கிரானைட், மார்பிள், வெள்ளை குவார்ட்ஸ் ஆகிய நான்கிலும் புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மஞ்சள்தூள் குழைத்த நல்லெண்ணெய் மூன்றையும் தனித்தனியாக விட்டு இரவு முழுவதும் அப்படியே வைத்தேன்.

காலையில் மார்பிளில் எலுமிச்சை பட்ட இடம் பாலிஷ் போய் விரலுக்குச் சொரசொரவென்று இருந்தது. எங்கள் பழைய கடப்பா மேடையிலும் மாமியார் ரசத்துக்குப் புளி கரைக்கும் மூலை இப்படித்தான் வெளுத்துக் கிடக்கிறது. இரண்டுமே சுண்ணாம்பு வகைக் கற்கள். புளிப்பு பட்டால் அரிக்கும். வெளிர்நிற கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்யவில்லை, ஆனால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கறையாக நின்றுவிட்டது. குவார்ட்ஸில் மஞ்சள் லேசாக ஒட்டியிருந்தது; சிறிது நேரம் வெயிலில் வைத்ததும் மங்கிவிட்டது. கறுப்பு கிரானைட்டை ஒரு முறை துடைத்தேன், எதுவுமே நடக்காதது போல் இருந்தது.

இதைப் பார்த்த மாமியார் கறுப்புதான் என்று முடிவே கட்டிவிட்டார். மகள், அறை இருட்டாகிவிடும், வெள்ளைதான் வேண்டும் என்கிறாள். ஓர் இரவுச் சோதனை வேறு, பல வருடப் புழக்கம் வேறு. வீட்டில் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

* * *

கோயம்புத்தூர், இல்லத்தரசி:

எங்கள் வீட்டில் வெள்ளை குவார்ட்ஸ். பார்க்க அழகு என்பதை நான் மறுக்கவே மாட்டேன். ஜன்னல் சிறிதாக இருக்கும் சமையலறை அது போட்டபின் வெளிச்சமாகிவிட்டது. எண்ணெய் இறங்குவதில்லை, சீலர் (எண்ணெயும் தண்ணீரும் கல்லுக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூச வேண்டியதில்லை, மாவு சிந்தினால் ஈரத்துணியே போதும்.

சூடுதான் அதற்கு எதிரி. தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, பூரி பொரித்த இரும்பு வாணலியை யாரோ இறக்கி அப்படியே மேடையில் வைத்துவிட்டார்கள். பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. குவார்ட்ஸ் என்பது அரைத்த கல்லைப் பிசின் போட்டு இறுக்கியது. சுமார் 150 டிகிரிக்கு மேல் அந்தப் பிசின் தாங்காது. பொரிக்கும் எண்ணெயே 180 டிகிரிக்குப் போகும். அதிலிருந்து அடுப்பின் இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்திருக்கிறேன். வீட்டு மனிதர்களுக்குப் பழகிவிட்டது, உதவிக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, மஞ்சள் கறைக்கு வெயில் நல்லது என்று டீச்சர் எழுதியிருக்கிறார். துண்டுக்குச் சரி. ஆனால் நாள்தோறும் நேர் வெயில் விழும் இடத்தில் குவார்ட்ஸே மஞ்சள் பூக்கும். பின்கட்டில் வெட்டவெளி மேடை வைத்திருப்பவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

* * *

சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு:

நானோ வொயிட் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண்ணாடி வகை ஸ்லாப். தும்பைப்பூ வெள்ளை, கறை பிடிக்காது. எங்கள் வீட்டில் சிங்க்குக்கு வெட்டிய மூலையிலிருந்து மயிரிழைபோல விரிசல் கிளம்பி, சில மாதங்களில் விளிம்பு வரை வந்துவிட்டது. போட்டுக் கொடுத்தவர் கல்லைக் குறை சொன்னார், கல் விற்றவர் போட்டவரைக் குறை சொன்னார். இன்றுவரை தீர்வில்லை.

* * *

மேலூர், கிரானைட் பதிக்கும் வேலை:

டீச்சர் அம்மா, நீங்கள் செய்த சோதனை எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்யாதது. அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு என்று விற்பதெல்லாம் கறுப்பு அல்ல. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றி மெழுகு தேய்த்துக் கறுப்பாக்கி விற்பது உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து, ஸ்லாபின் ஓர் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் அந்தக் கல்லைத் தொடாதீர்கள். சோப்பு பட்டுப் பட்டு ஒரே வருடத்தில் திட்டுத் திட்டாக வெளுக்கும். நல்ல கடைக்காரர் இந்தச் சோதனைக்குக் கோபப்பட மாட்டார். அடுத்து, ஸ்லாபைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வலை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் வலுக் குறைந்த கல், உடையாமல் இருக்க வலை போட்டிருக்கிறார்கள். சுவருக்குப் போடலாம். நடுவில் ஓட்டை வெட்டி அடுப்பும் சிங்க்கும் இறக்கப் போகிற மேடைக்கு வேண்டாம்.

ரகம் என்று கேட்டால், சாமராஜ்நகர் கறுப்பு நெருக்கமான கல், தண்ணீர் குடிக்காது. ஒங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸியில் பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். முழுக் கறுப்பு கண்ணுக்குப் பிடிக்காதவர்களுக்கு அது ஏற்றது. கிருஷ்ணகிரி பாரடைசோ செங்கருநிறத்தில் அலையலையாக ஓடும், உழைக்கும் கல். எங்கள் ஊர்ப் பக்கத்துக் காஷ்மீர் வொயிட் மிக அழகு, ஆனால் எண்ணெயை இழுக்கும். அதைப் போட்டால் சீலர் பூசியே தீர வேண்டும், தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும்.

ஆனாலும் மேடை கெடுவது பெரும்பாலும் கல்லால் அல்ல, வெட்டிய விதத்தால்தான். சென்னைக்காரர் சொன்ன விரிசல் அப்படி வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அடுப்புக்கும் சிங்க்குக்கும் வெட்டும்போது நான்கு மூலையையும் கூர்மையாக வெட்டினால், அல்லது கட்டர் கோட்டைத் தாண்டி ஒரு கீறல் போனால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மூலையில் முதலில் வட்டமாகத் துளை போட்டுவிட்டு, பிறகு துளைக்குத் துளை நேராக வெட்ட வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குங்கள். கல்லுக்கு அடியிலிருந்து மாட்டும் சிங்க் என்றால் பேஸ்டை மட்டும் நம்பக் கூடாது. நம் வீடுகளில் தண்ணீர் நிறைந்த அண்டாவே அதில் உட்காரும். கீழே இரும்பு ஆங்கிள் கொடுத்துத் தாங்க வேண்டும்.

முன்விளிம்புக்கு அடியில், சற்று உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு காடி கிழிக்கச் சொல்லுங்கள். மேடையில் வழியும் தண்ணீர் விளிம்பைச் சுற்றி உள்ளே ஓடாமல் அந்தக் காடியிலேயே சொட்டிவிடும். அது இல்லாத வீடுகளில் கீழ் அலமாரிக் கதவுகள் ஊறி உப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மோல்டிங் அழகுக்காக இரண்டு கல்லை ஒட்டி விளிம்பைத் தடிமனாக்குகிறார்கள். திருகி மாட்டும் தேங்காய்த் துருவி வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தத் துருவியின் வாய் எவ்வளவு திறக்கும் என்று அளந்து பாருங்கள்.

* * *

மெல்பர்ன், ஆஸ்திரேலியா:

நான் எழுத வந்தது குவார்ட்ஸ் பற்றி. இங்கே 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் வெட்டவும் பதிக்கவும் தடை. 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதிக்கும் தடை. காரணம் சமைக்கிறவர்கள் அல்ல, வெட்டுகிறவர்கள். அதை வெட்டும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. வயதில் சிறிய தொழிலாளர்கள் பலருக்கு அந்த நோய் வந்திருந்தது இங்கே பெரிய செய்தியானது. அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே பதித்த குவார்ட்ஸ் மேடையால் அங்கே புழங்குகிறவர்களுக்கு ஆபத்து இல்லை. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும்தான் ஆபத்து. கோவைச் சகோதரி கவலைப்பட வேண்டாம். நாங்கள் எங்கள் சமையலறைக்குப் பீங்கான் ஸ்லாப் போட்டோம். தடை அதைச் சேர்க்கவில்லை. சூடு, மஞ்சள், புளி எதுவும் அதைத் தொடவில்லை. விளிம்பில் கனமாக எதையாவது இடித்தால் மட்டும் சில்லு பெயர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரின் கல்லைக் கழுவத் தூக்கும்போது எனக்கு அது நடந்தது.

* * *

மதுரை, விருந்துச் சமையல்:

எங்கள் சமையற்கூடத்தில் எல்லாம் எவர்சில்வர் மேடைதான், 304 ரகத் தகடு. கொதிக்கும் அண்டாவை அப்படியே வைப்போம், ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் வாடையே இருக்காது. வீட்டுக்குப் போடுகிறவர்கள் தகடுக்கு அடியில் கனமான பலகை கொடுங்கள், இல்லாவிட்டால் பாத்திரம் வைக்கும் ஒவ்வொரு முறையும் அதிரும். கீறல் விழத்தான் செய்யும். எனக்கு அது உறுத்துவதில்லை.

* * *

திருச்சி, பள்ளி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. மெல்பர்ன் பதிவை மகளிடம் படித்துக் காட்டினேன். அவளே குவார்ட்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மேடை கறுப்பு கிரானைட், வெளிச்சத்துக்காகச் சுவரில் வெள்ளை டைல்ஸ் என்று இருவரும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

மேலூர் அண்ணனிடம் கேட்க வேண்டும். கிரானைட்டை வெட்டினாலும் தூசு வருகிறதே, அதில் இந்த ஆபத்து இல்லையா? பாலிஷ் போடாத சொரசொரப்பு ரகம் இப்போது வருகிறது, அது எப்படி? மாமியார் உயரம் குறைவு, மகள் உயரம் அதிகம். மேடையை எந்த உயரத்தில் வைப்பது?

* * *

மேலூர், கிரானைட் பதிக்கும் வேலை:

கேட்டதற்கு நன்றி அம்மா. எங்களிடம் கல் வாங்குகிறவர்கள் தூசு தங்கள் வீட்டுச் சோபாவில் படியுமா என்றுதான் கேட்பார்கள்.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. குவார்ட்ஸ் ஸ்லாபில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் என்றால், கிரானைட்டில் பாதிக்கும் கீழே. கறுப்பு ரகங்களில் அதைவிட மிகக் குறைவு. குறைவு என்பதால் தூசைச் சுவாசிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. என்னோடு தொழில் கற்ற ஒருவர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார். காலமெல்லாம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் விடாமல் உலர்வெட்டு வெட்டியவர். துண்டு அந்தத் தூசைத் தடுக்காது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். விலை பேசும்போதே, தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், முடிந்த வரை பட்டறையிலேயே வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டில் வெட்டியே ஆக வேண்டியதை வெளியே திறந்த இடத்தில், குழாயைப் பிடித்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். ஈரவெட்டுக்கு நேரம் பிடிக்கும், சேறு வழியும், கூலி கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். வீட்டுக்காரர் கேட்டால்தான் மேஸ்திரி ஏற்பாடு செய்வார். வெட்டுகிற பையன் தானாகக் கேட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

சொரசொரப்பு ரகம் கறுப்பில் நன்றாக இருக்கும், விரல் தடம் தெரியாது. ஆனால் நம் வீடுகளில் மாவும் எண்ணெயும் அந்தப் பள்ளங்களில் அடையும். மேடையிலேயே சப்பாத்தி தேய்க்கிற வீடு என்றால் பாலிஷ் கல்லே நல்லது. வெற்றிடப் பிடிப்புத் துருவியும் பாலிஷ் கல்லில்தான் ஒட்டி நிற்கும்.

உயரத்துக்கு, ஒவ்வொருவரும் கையை மடக்கி நிற்கும்போது முழங்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே காய் நறுக்கும் மட்டம். அடுப்பு அதற்கும் சற்றுத் தாழ்வாக இருந்தால் குழம்பைக் கிளறத் தோள் வலிக்காது. இருவருக்கும் ஒரே மட்டம் அமையாது என்றால் கிரைண்டரும் மிக்ஸியும் வைக்கும் பக்கத்தை மாமியாருக்காகத் தாழ்த்திப் போடலாம். அந்த இணைப்பில் ஒரு பட்டைக் கல் கூடுதலாக வரும். இதைக் கல் அளவெடுக்க வருகிற அன்றே சொல்லிவிட வேண்டும், மேடைக்குச் சுவர் எழுப்பியபின் மாற்ற முடியாது.

கல்லுக்கு விலை முழு ஸ்லாபின் சதுர அடிக்கு. சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டி எடுக்கும் துண்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கேட்டு வாங்கி ஜன்னல் படிக்கோ பூஜை அலமாரிக்கோ போட்டுக்கொள்ளுங்கள்.