காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் பிக்கப்

பூவண்டி, ஸ்ரீராம்புரம்:
2006 மாடல், டீசலை எஞ்சினுக்குள் தள்ளுவது மெக்கானிக்கல் பம்ப். விடியற்காலை 3 மணிக்கு ஓசூர் போய்ப் பூ ஏற்றி பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் இறக்குகிறேன். ஒரு மாதமாக முதல் ஸ்டார்ட்டுக்கு 7, 8 தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி புதுசு, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே வருவதில்லை. மார்க்கெட்டில் 2 மணி நேரம் நிறுத்தி எடுத்தால் ஒரே அடியில் பிடிக்கிறது. லோடோடு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறும்போது திணறித் திணறித்தான் இழுக்கிறது. மெக்கானிக், குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் 4 ஹீட்டர் பிளக்கையும் மாற்றச் சொல்கிறார். மல்லிகை நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் விலை போய்விடும், கொஞ்சம் சொல்லுங்கள்.

லோடு வண்டி, பீன்யா:
ஏர் கிளீனரைக் கழற்றி ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடியுங்கள்.

டீசல் மெக்கானிக், அல்சூர்:
தம்பி, ஸ்பிரே வேண்டவே வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவக்கப் பழுத்திருக்கும்போது ஸ்பிரேயிலுள்ள ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும். ரிங் உடைந்த எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன். பிளக் போயிருந்தால் செல்ஃப் சுற்றும்போதே வெள்ளைப் புகை வரும். புகையே இல்லையென்றால் டீசலே வந்து சேரவில்லை. ராத்திரி வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்?

பூவண்டி:
எங்கள் சந்து மேடு. முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை திருப்பி நிறுத்தினேன், மறுநாள் இரண்டே அடியில் பிடித்தது. இதை முதலில் எழுத விட்டுப்போச்சு.

டீசல் மெக்கானிக்:
அப்படியென்றால் லைனில் ஏர் பிடிக்கிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று நுழைகிறது, ராத்திரியெல்லாம் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. அது உறிஞ்சுகிற லைன், பெரும்பாலும் வெளியே சொட்டாது, ஈரம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நாளைக் காலை சாவி போடுவதற்கு முன்னால் ஃபில்டர் மேலுள்ள கை பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். உடனே பிடித்தால் ஹீட்டர் பிளக் காசு மிச்சம். அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி கண்ணாடி போன்ற டீசல் டியூபைப் போட்டுக் குமிழி ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் வாஷர், கிளாம்ப், கை பம்பின் ரப்பர் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

பூவண்டி:
அண்ணே, 22 தடவை அழுத்தினேன், பம்ப் கல்லாக இறுகியது, முதல் அடியிலேயே பிடித்தது! டியூபில் குமிழியும் ஓடியது. போன மாதம் ஃபில்டர் மாற்றியவர் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார், தட்டையாக நசுங்கிக் கிடந்தது. ஜே.சி. ரோட்டில் புது வாஷர் வாங்கிப் போட்டேன். காலை ஸ்டார்ட்டிங் சரி. மேம்பாலத்தில் மட்டும் லேசான திணறல் இருக்கிறது. டேங்க்கை இறக்கிச் சல்லடையைப் பார்க்கட்டுமா?

டீசல் மெக்கானிக்:
இறக்குவதற்கு முன்னால் டேங்க் மூடியை லேசாகத் தளர்த்தி ஒரு தடவை ஏறிப் பாருங்கள். திணறல் நின்றால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. நிற்காவிட்டால் இறக்கிவிடுங்கள்.