தலை மசாஜ் செஞ்சதும் வலி கூடுது, எங்க தப்பு?

காசிமேடு_காத்து:
கன்டெய்னர் யார்டுல பில்லிங் வேலை, நாள் பூரா சிஸ்டம் முன்னாடி. எண்ணூர் ஹைரோடு டிராஃபிக்ல வீடு சேர்றதுக்குள்ள நெத்தியைச் சுத்திக் கயிறு கட்டுன மாதிரி இறுக்கம். வீட்ல எண்ணெய் வச்சு உச்சியில அமுக்கிவிடுறாங்க. அப்ப சுகமா இருக்கு, அரை மணி நேரத்துல வலி திரும்பிடுது, சில நாள் கூடவே. எந்த எண்ணெய், எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? சலூன்ல கழுத்துல சொடக்கு எடுத்துக்கலாமா?

பழைய_வண்ணை:
தப்பு எண்ணெய்ல இல்ல ப்ரோ, வரிசைல. இறுக்கம் தெரியுறது நெத்தியில, பிடிச்சிருக்கிறது தோள்லயும் பிடரியிலயும். அதைத் தளர்த்தாம உச்சியில கை வச்சா அப்படித்தான் திரும்பும்.

முதுகு சாய்ப்பு தாழ்வா இருக்கிற நாற்காலில உட்காருங்க, பாதம் தரையில படணும். அமுக்குறவங்க பின்னாடி நிக்கணும். முதல்ல எண்ணெயே வேணாம். தோள் சதையைக் கட்டைவிரலுக்கும் மத்த விரல்களுக்கும் நடுவுல கொத்தாப் பிடிச்சு, மூணு எண்ணி விடணும். கழுத்தோரத்துலேர்ந்து தோள் முனை வரைக்கும் 3 நிமிஷம். அடுத்து பிடரி: ஒரு கை நெத்தியைத் தாங்கட்டும், இன்னொரு கை முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற சதையை மட்டும் பிசையட்டும். எலும்பு மேல அமுக்கக் கூடாது. மண்டை எலும்பு முடியுற இடத்துல காதுக்கும் நடுக்கழுத்துக்கும் இடையில ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்க கட்டைவிரலை வச்சு மேல் நோக்கி 10 நொடி, நாலஞ்சு தடவை. சிஸ்டம் பார்க்கத் தலையை முன்னாடி நீட்டுறவங்களுக்கு முடிச்சு பெரும்பாலும் அங்கதான்.

அப்புறம்தான் எண்ணெய், 2 டீஸ்பூன் போதும். விரல் நுனிச் சதையை ஊன்றி வட்டமா நகர்த்தணும். விரல் முடியில வழுக்கிட்டுப் போனா அது மசாஜ் இல்ல, வெறும் தேய்ப்பு. மண்டை மேல தோல் நகரணும். நெத்திப்பொட்டுல பூ மாதிரி கை படணும். அங்க அழுத்துறதாலயும் சிலருக்கு வலி கூடும். பல்லை ஒரு தடவை கடிச்சுப் பாருங்க, பொட்டுல சதை துடிக்கும். தாடைச் சதை அது. பல்லை இறுக்கிட்டே வேலை பார்க்கிற பழக்கம் இருந்தா தாடையையும் சேர்த்து நீவணும். மொத்தம் 15 நிமிஷம்.

மணலி_மாமி:
எண்ணெய்: நல்லெண்ணெய் 2 ஸ்பூன், விளக்கெண்ணெய் கால் ஸ்பூன். அடுப்புல நேரா வைக்காம, கிண்ணத்தைச் சுடுதண்ணில 5 நிமிஷம் வச்சா போதும். மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, சுடக் கூடாது. ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க தம்பி. நம்ம ஊர்ப் புழுக்கத்துல பொடுகு இருக்கிற தலைன்னா அதைக் கிளப்பிவிடும். 30 நிமிஷம் போதும். எங்க பக்கத்துப் போர் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்காது, பிசுக்கு ஒட்டிக்கும். சீயக்காயை வடிகஞ்சில குழைச்சுத் தேய்ச்சு, கடைசி ரெண்டு சொம்பு மட்டும் மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணி ஊத்துங்க.

ஷாம்பூங்கிற பேரே 'அமுக்கு'ன்னு அர்த்தம் வர்ற இந்திச் சொல்லுலேர்ந்து வந்ததுதான். பாட்னாவுல பிறந்த சேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து பிரைட்டன்ல மசாஜ் குளியல் நடத்துனப்ப அந்தப் பேருலதான் நடத்துனார்.

ராயபுரம்_பிசியோ:
சொடக்கு வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புக்குள்ளயே மூளைக்குப் போற ரத்தக் குழாய் ரெண்டு ஓடுது. வெடுக்குனு திருப்பினா அதோட உள் சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வரைக்கும் போகலாம். அரிதுதான், ஆனா 'டக்'னு ஒரு சத்தத்துக்காக எடுக்கிற ரிஸ்க் இல்ல. திடீர்னு தாங்க முடியாத தலைவலி, பேச்சுக் குழறல், கை மரத்துப்போறது, இதுல எது வந்தாலும் மசாஜ் பக்கமே போகாம 108 கூப்பிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சல், தலையில புண், அடிபட்டது இருந்தாலும் வேணாம்.

காசிமேடு_காத்து:
நன்றி. தினமும் செய்யலாமா?

பழைய_வண்ணை:
எண்ணெய் இல்லாம தோளும் பிடரியும் தினம் 5 நிமிஷம். எண்ணெயோட முழுசா சனிக்கிழமை மட்டும். மானிட்டரோட மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்கு ஏத்துங்க, இல்லன்னா திங்கட்கிழமையே பழையபடி பிடிச்சுக்கும்.