7லிருந்து 4க்குப் போனால் திரும்ப வர முடியவில்லை

பாஸ் கிட்டார் வாசிப்பவர்கள் உதவுங்கள். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'மணி' (1973) பாட்டில் நான்கு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. யமஹா நான்கு கம்பி பாஸ், விரலால்தான் வாசிக்கிறேன்.

ஆரம்ப ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் பாஸ் வரி) 7/4, அதாவது சுற்றுக்கு ஏழு அடி, அதில் சிக்கல் இல்லை, கர்நாடக சங்கீதத்தின் மிஸ்ர சாபு தாளம் மாதிரி தகிட தகதிமி சொல்லியே பிடித்துவிட்டேன் (பக்கத்து வீட்டு மிருதங்க மாமா உபயம்). சாக்ஸபோன் சோலோ வரைக்கும் ஓடிவிடும். கிட்டார் சோலோவில் 4/4 ஆகிறது, அதுவும் சரி. அது முடிந்து மறுபடி 7க்கு வரும்போதுதான் ஒவ்வொரு முறையும் ஒரு அடி தள்ளி விழுகிறேன்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 அடியில் வைத்துப் பார்த்தாயிற்று, பாட்டை முக்கால் வேகத்தில் ஓட்டியும், காலால் தாளம் போட்டும் பார்த்தாயிற்று. தனியாக வாசித்தால் சரியாக வருகிறது, டிரம்ஸ் சேர்ந்தால் போச்சு.

அந்தத் திருப்பத்தில் நீங்கள் எதைக் கேட்டு முதல் அடியைப் பிடிக்கிறீர்கள்?