ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசை ஏவுதளம் எதற்கு?

அலைவரிசை:
2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் (குலசை) ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, "நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதனால் எரிபொருள் மிச்சம்" என்றே எங்கும் எழுதினார்கள். ஸ்ரீஹரிகோட்டா 13.7 டிகிரி, குலசை 8.4 டிகிரி. இந்த ஐந்து டிகிரிக்கா 986 கோடி ரூபாய்? கணக்கு உதைக்கிறதே.

திசைமானி:
உதைக்கத்தான் செய்யும், காரணமே அது இல்லை. பூமி சுழலும் வேகம் ஸ்ரீஹரிகோட்டாவில் நொடிக்குச் சுமார் 452 மீட்டர், குலசையில் 460. வெறும் 8 மீட்டர்! அதுவும் கிழக்கே ஏவினால்தான் உதவும். குலசையின் வேலையோ தெற்கே ஏவுவது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே கோடு போடுங்கள். முதலில் சென்னை, அப்புறம் இலங்கை. அதனால் துருவப் பாதைக்கு (வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதை) போகும் ராக்கெட்டைத் தென்கிழக்கே, வடக்கிலிருந்து வலமாக அளந்தால் சுமார் 140 டிகிரி திசையில் ஏவி, இலங்கையை ஒதுக்கிவிட்டுத் தெற்கே திருப்புகிறார்கள். 'டாக்-லெக்' என்பது இதுதான். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போவதை 10 டிகிரி திருப்பவே நொடிக்கு 350 மீட்டர் வேகம் ஏற்றும் அளவு எரிபொருள் செலவாகும். அந்த 8 மீட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அலைவரிசை:
வேகம் ஏறுவதற்கு முன்பே திருப்பிவிட்டால்?

வீழ்புள்ளி:
முடியாது. இந்த நொடி இன்ஜின் நின்றால் ராக்கெட் எங்கே விழும் என்று தரையில் ஓயாமல் கணக்கிடுவார்கள். வேகம் ஏற ஏற அந்தப் புள்ளி ராக்கெட்டுக்கு வெகுதூரம் முன்னால் ஓடும். சீக்கிரம் திருப்பினால் அது இலங்கை மேல் ஏறிவிடும். தாமதித்தால் செலவு எகிறும்.

இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் இதைத் தாங்கிக்கொண்டும் 600 கி.மீ. உயரச் சூரிய ஒத்திசைவுப் பாதைக்கு (ஒரு வகைத் துருவப் பாதை) 1,750 கிலோ கொண்டுபோகிறது. அடி வாங்குவது 120 டன் எடையுள்ள குட்டி ராக்கெட் எஸ்எஸ்எல்விதான். நிலநடுக்கோட்டுக்குக் குறைந்த கோணத்தில் சாய்ந்த பாதைக்கு 500 கிலோ தூக்குவது, துருவப் பாதை என்றால் 300 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. (குறையும் 200 கிலோ மொத்தத்தையும் இலங்கை கணக்கில் எழுதாதீர்கள், துருவப் பாதைக்குப் பூமி சுழற்சியின் உதவியும் கிடைக்காது.) இதை ஏவத்தான் குலசை, அதற்குத் தெற்கே திறந்த கடல். திருப்பமே வேண்டாம்.

திசைமானி:
இன்னொன்றும் சொல்லணும். ஸ்ரீஹரிகோட்டா எங்கேயும் போகவில்லை. இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3இன் பக்கவாட்டு எஸ்-200 பூஸ்டர் ஒன்றில் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். அதை வார்க்கும் ஆலை ஸ்ரீஹரிகோட்டா தீவிலேயே இருக்கிறது. பெரும்பாலும் கிழக்கே ஏவும் ஜிஎஸ்எல்வி, எல்விஎம்-3 இரண்டும் அங்கேதான். மூன்றாவது ஏவுதளத்துக்கும் 2025 ஜனவரியில் அங்கேயே ஒப்புதல் கிடைத்தது, சுமார் 3,985 கோடிக்கு.